மானின் வயிற்றில் தேடிய முட்டை

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றைப் பற்றி நம்மினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். ஆதலின், அரசர் ஒருவர் தலைகாட்டினும் போர் எதுவும் நிகழாத வரலாறு ஒன்றை இவ்வாண்டு எடுத்துக்கொண்டோம். இவ்வரலாற்றின் தலைமகள் ஒரு முட்டை. கோழி முட்டையன்று, பாலூட்டும் உயிர்களின் கருமுட்டை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இவ்வாக்கியத்தின் இறுதியில் அச்சுக்கோத்திருக்கும் முற்றுப்புள்ளியினும் அது சிறியது. இத்துணைச் சிறிய பொருளைக் கண்டுபிடிக்க மனித குலத்திற்கு 1827ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இப்பொருளில் நமக்கு ஆர்வம் தோன்றியது காப்பியினால் என்றால் அன்பர்கள் நகைப்பர். தமிழகத்தை விட்டுத் தில்லிக்கு வந்த நம்மவர்க்கு முதலில் பழக்கமானது இந்தி மொழியன்று; எருமைப் பால். பசும்பால் டிகிரி காப்பியில் வளர்ந்த நம் மூத்தோர், எருமைப் பாலில் டிகாஷன் கலப்பதா என்று முகஞ்சுளித்ததும், சில திங்களில் அதன் திட்பத்திற்கு அடிமையானதும் நம் காலனியில் பல வீடுகளின் பழங்கதை. அந்தப் பாலைத் தரும் முர்ரா எருமையின் தாயகம் நம் அண்டை மாநிலமாகிய அரியானா. குருட்சேத்திரம் செல்லும் பெருவழியில், தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் கர்னால் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009ஆம் ஆண்டு தந்தையின்றி ஓர் எருமைக்கன்று பிறந்தது. அக்கன்றின் பிறப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் நாம் முதலில் செல்ல வேண்டிய இடம் கர்னால் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசு வேட்டையாடிய காடு.

குருதி உடலில் சுற்றி வருகின்றது என்று 1628இல் உலகுக்குக் காட்டிய வில்லியம் ஹார்வி, அம்மன்னரின் மருத்துவர். மன்னர்க்கு மான் வேட்டையில் தீராத விருப்பம். வீழ்த்தப்பட்ட பெண்மான்களின் கருப்பையை அறுத்துப் பார்க்க ஹார்விக்கு இசைவு கிடைத்தது. கூடல் பருவம் முடிந்தவுடன் கருப்பையில் ஏதேனும் இருத்தல் வேண்டும். ஆணின் விந்தேனும், பெண்ணின் முட்டையேனும், இரண்டும் கலந்த திரளேனும் தென்பட வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். ஹார்வி அறுத்தார், ஒன்றுமில்லை. அடுத்த கிழமையும் அறுத்தார், ஒன்றுமில்லை. ஏறத்தாழ இரண்டு திங்கள் வரை கருப்பை வெறுமையாகவே காட்சியளித்தது. மான்களைப் பிரித்து அடைத்துவைத்தும் பார்த்தனர், பயனில்லை. எல்லாம் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்னும் கருத்தைத் தம் 1651ஆம் ஆண்டு நூலின் முகப்போவியத்தில் பொறித்துவிட்டு, அம்முட்டையைத் தாம் காணாமலே ஹார்வி மறைந்தார். சூலகத்திற்கும் மகப்பேற்றுக்கும் தொடர்பில்லை என்றும் அவர் கருதினார். மானின் இளங்கரு நூலிழை போல் நீண்டு கருப்பைச் சுவரோடு கிடப்பது. வெறுங்கண்ணுக்கு அது சளிநூலாகவே தோன்றும். தேடியது கையிலேயே இருந்தும் அறியாதொழிந்தார் அப்பேரறிஞர்.

அடுத்து வந்தவர் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து இளம் மருத்துவர் ரெக்னியர் தெ கிராஃப். 1672இல் அவர் வெளியிட்ட நூலில், பெண்ணுயிர்களின் சூலகத்தில் காணப்படும் நீர்க்கொப்புளங்களே முட்டைகள் என்றார். முயல்களைப் பொறுமையாக அறுத்துப் பார்த்த அவர், வெடித்த கொப்புளங்களின் எண்ணிக்கையும் கருப்பையில் உள்ள குட்டிகளின் எண்ணிக்கையும் பொருந்துவதைக் கண்டார். ஆயின் ஓர் இடர்: கருக்குழாயில் அவர் கண்ட உருண்டைகள் கொப்புளத்தினும் மிகச் சிறியன. பெரிய வீட்டிலிருந்து சிறிய வீடு எவ்வாறு வெளிவரும்? கொப்புளம் முட்டையன்று, முட்டை வாழும் அறை என்பது அவர்க்குப் புலப்படவில்லை. அடுத்த ஆண்டே, 32 வயதில் அவர் இறந்தார். இறக்கும் முன்னர் செய்த நற்செயல் ஒன்றுண்டு. தம் ஊர்த் துணி வணிகர் ஒருவர் அரிய பூதக்கண்ணாடிகள் செய்கின்றார் என்று இலண்டன் அரச கழகத்திற்கு எழுதி அறிமுகப்படுத்தினார். அவ்வணிகரே லீவன்ஹூக். விந்தணுவை 1677இல் உலகுக்குக் காட்டியவர் அவரே. ஆணின் அணுவைக் கண்டு ஒன்றரை நூற்றாண்டு சென்ற பின்னரே பெண்ணின் முட்டை கண்ணில் பட்டது.

கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். எஸ்தோனியாவில் பிறந்து கோனிக்ஸ்பர்க் நகரில் பணியாற்றியவர். 1827ஆம் ஆண்டு, அவருடைய தலைவர் புர்டாக் என்பார் தம் வீட்டு நாயையே ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அதன் சூலகக் கொப்புளம் ஒன்றினுள் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று மிதப்பதை வான் பேயர் கண்டார். கத்தி முனையால் அதனை எடுத்து, கடிகாரக் கண்ணாடியில் நீர்விட்டு இட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். மின்னல் தாக்கியவர் போல் பின்வாங்கியதாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். மீண்டும் கண்ணை வைக்கத் துணிவு பெறுவதற்குச் சற்று நேரமாயிற்றாம். ஹார்வி மான்களில் தேடியதை வான் பேயர் நாயில் கண்டார். நடுவில் கழிந்தவை 176 ஆண்டுகள்.

இம்முட்டையின் இயல்பு ஒன்றை இங்குக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெண் குழந்தைக்கு வேண்டிய முட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. கருவில் ஐந்தாம் திங்களளவில் அறுபது, எழுபது இலட்சம் இருந்து, பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சமாகக் குறைந்து, அவற்றுள் வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ நானூறே முதிர்ந்து வெளிப்படுகின்றன. எஞ்சியவை பாதி நடந்த உயிரணுப் பிரிவோடு அப்படியே நின்று, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன; சில நாற்பது ஆண்டும் காத்திருக்கும். ஆகவே நாம் ஒவ்வொருவரும் உருவாகக் காரணமான முட்டை, நம் அன்னை பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உண்டாகிவிட்டது. கும்பகோணத்திலோ நெல்லையிலோ நம் பாட்டியர் பிள்ளைத்தாய்ச்சியாக நடமாடிய தெருக்களை, ஒருவகையில் நாமும் அன்றே கடந்திருக்கின்றோம்.

முட்டையைக் கண்டபின், அதனை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்கு மாற்ற இயலுமா என்ற வினா எழுந்தது. 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வால்டர் ஹீப் என்னும் ஆங்கிலேயர், அங்கோரா இன முயலின் இரண்டு இளங்கருக்களை எடுத்து, பெல்ஜிய இனப் பெண்முயலின் கருக்குழாயில் வைத்தார். அம்முயல் ஏற்கெனவே தன் இனத்து ஆணோடு கூடியிருந்தது. பிறந்தவை ஆறு குட்டிகள்: நான்கு பெல்ஜியம்; இரண்டு நீண்ட வெண்மயிர் அங்கோரா. சுமந்த தாயின் சாயல் அவ்விரண்டிலும் சிறிதும் இல்லை. இன்று ‘வாடகைத் தாய்’ என்று செய்தித்தாள்கள் எழுதும் பொருளின் முதற்சான்று அம்முயலே. பின்னர் அமெரிக்காவில் கிரிகரி பிங்கஸ், சூலகத்திலிருந்து எடுத்த முயல் முட்டை கண்ணாடித் தட்டிலேயே தானாக முதிர்வதை 1935இல் காட்டினார். சீனத்தில் பிறந்த எம். சி. சாங், உடலுக்கு வெளியே கருவுற்ற முயல் முட்டைகளிலிருந்து குட்டிகளை 1959இல் பெற்றார்.

இதற்கிடையில் வேறொரு வினா தவளைக் குட்டைகளின் கரையில் வளர்ந்துகொண்டிருந்தது. கண்ணின் அணு கண்ணாகவும் தோலின் அணு தோலாகவும் ஆனபின், எஞ்சிய கலையறிவை அவை இழந்துவிடுகின்றனவா? அல்லது, கச்சேரியில் ஒரு கீர்த்தனை மட்டும் பாடும் வித்துவானைப் போல, எல்லாம் தெரிந்தும் ஒன்றை மட்டும் வெளிப்படுத்துகின்றனவா? இதனை அறிய, முதிர்ந்த அணுவின் உட்கருவை எடுத்து, தன் உட்கரு நீக்கப்பெற்ற முட்டையில் வைத்துப் பார்த்தல் வேண்டும் என்று செருமானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பெமான் 1938இல் எழுதினார். குழந்தையின் தலைமயிரைச் சுருக்காக்கி நீர்ப்பல்லியின் முட்டையை இடையில் இறுக்கி ஆராய்ந்தவர் அவர். அவர் கனவு கண்டதை 1952இல் பிலடெல்பியா நகரில் பிரிக்ஸ், கிங் இருவரும் தவளையின் இளங்கரு அணுக்களைக் கொண்டு செய்து முடித்தனர். தலைப்பிரட்டையின் குடல் அணுவிலிருந்தே முழுத் தவளையை உருவாக்கியதாக 1962இல் அறிவித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு ஜான் கர்டன். பள்ளியில் உயிரியலில் 250 மாணவருள் கடைசியாக நின்றவர் அவர். அறிவியலறிஞனாகும் எண்ணம் நகைப்பிற்குரியது என்று ஆசிரியர் எழுதிய அறிக்கையைச் சட்டமிட்டு வைத்திருந்தார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். தேர்வு முடிவுகளைக் கண்டு கலங்கும் நம் காலனிப் பெற்றோர்க்கென்றே இதனைச் சேர்த்தோம். வரலாற்றுக்கு இது தேவையில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1978 சூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் உடலுக்கு வெளியே கருவுற்ற முதற்குழந்தை பிறந்தது உலகறிந்த செய்தி. அதற்குச் சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், பூசைக் காலத்துக் கல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பெற்ற பெண்மகவு பிறந்தது. அதற்குக் காரணமானவர் எடின்பரோவிலும் பயின்று திரும்பிய உடலியல் பேராசிரியர் சுபாஷ் முகோபாத்யாய். துணைநின்றவர் இருவர். பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. ஊசிமருந்தால் ஒரே முறையில் பல முட்டைகளை முதிரச் செய்து, கருவுற்றதை உறையவைத்துக் காத்து, வேறொரு மாதத்தில் கருப்பையில் இட்டார் என்பது அவருடைய குறிப்புகளால் தெரிகின்றது. உறையவைத்த கருவிலிருந்து குழந்தை என்பது ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்து உலகம் ஏற்றுக்கொண்டது 1984இல்தான் என்பதை நோக்கினால், கல்கத்தாவில் நிகழ்ந்தது எத்தகையது என்பது விளங்கும்.

அவர்க்குக் கிடைத்தது மாலையன்று. மாநில அரசு அமைத்த ஆய்வுக்குழு அவரை நம்பவில்லை. சப்பானில் கருத்தரங்கிற்கு வந்த அழைப்பை ஏற்கவும் விடுப்பு மறுக்கப்பட்டது. கருமுட்டையை ஆராய்ந்தவரை இறுதியில் கண் மருத்துவ நிலையத்திற்கு மாற்றினர். 1981 சூன் 19ஆம் நாள், ஐம்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆராய்ச்சியைச் சோதிப்பது குற்றமன்று, சோதிக்கத்தான் வேண்டும். ஆயின் சோதிப்பது வேறு; ஒருவர் மேற்கொண்டு செய்யவே இயலாதவாறு கதவை அடைப்பது வேறு. பிறந்த குழந்தை கண்முன் வளர்ந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அந்தக் கதவைத் திறந்தவர், வியப்பிற்குரிய வகையில், அப்புகழைத் தாமே பெற்றிருந்தவர். 1986 ஆகஸ்டில் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று ஏடுகள் எழுதின. மருத்துவர் இந்திரா இந்துஜாவோடு அச்சாதனையில் பங்கு கொண்டவர் டி. சி. ஆனந்த குமார். மறைந்த பேராசிரியரின் கையெழுத்துக் குறிப்புகள் பின்னர் அவரிடம் வந்தன. அவற்றைப் படித்துப் பார்த்த ஆனந்த குமார், முதன்மை தமக்கு உரியதன்று, கல்கத்தாப் பேராசிரியர்க்கே உரியது என்று 1997இல் அறிவியல் ஏட்டில் எழுதினார். பிறர் பறிக்காதபோது தாமே கழற்றி உரியவர்க்குச் சூட்டிய பட்டம் அது. இன்று நம் காலனிப் பூங்காவிலும் அவ்வழியில் பிறந்த பிள்ளைகள் ஓடியாடுகின்றனர். அவர்கள் யார் என வினவுதல் நாகரிகமன்று.

அதே 1997ஆம் ஆண்டுதான் எடின்பரோ நகரை அடுத்த ராஸ்லின் நிலையத்திலிருந்து டாலி என்னும் ஆட்டின் செய்தி வந்தது. பாலூட்டிகளில் இவ்வாறு படியெடுத்தல் இயலாது என்று கருதப்பட்ட காலமும் உண்டு. மெக்ராத், சோல்டர் என்னும் இருவர் சுண்டெலியில் பலமுறை முயன்று தோற்று, 1984இல் அவ்வாறே எழுதினர். தவளையில் வென்ற அதே பிலடெல்பியாவிலிருந்து! அவர்கள் சோதனையில் பிழையில்லை. சுண்டெலியின் கரு இரண்டு அணுவாகப் பிரிந்த நிலையிலேயே தன் மரபணுக்களை இயக்கத் தொடங்கிவிடும். வந்த உட்கரு தன் பழக்கத்தை மறந்து புதுப்பழக்கம் கொள்ளக் காலம் போதாது. ஆட்டின் கரு எட்டு, பதினாறு அணுக்கள் ஆகும் வரை பொறுக்கும். டென்மார்க்கில் பிறந்த வில்லட்சன் இளங்கரு அணுக்களைக் கொண்டு ஆட்டுக்குட்டிகளைப் பெற்ற செய்தி 1986இல் வெளிவந்தது. ஆயினும் முதிர்ந்த உடலின் அணு எட்டாக்கனியாகவே நின்றது.

ராஸ்லினில் இயன் வில்மட், கீத் கேம்பெல் முதலியோர் செய்த சூழ்ச்சி எளியது. ஆறு வயதுப் பெண்ணாட்டின் மடியிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களுக்கு ஐந்து நாள் உணவைக் குறைத்தனர். ஏகாதசி விரதம் போல் பட்டினி கிடந்த அணு, பிரிவதை நிறுத்தி அடங்கியது. அந்நிலையில் அதனை, உட்கரு நீக்கிய முட்டையோடு சேர்த்து, மின்துடிப்பால் இணைத்தனர். இணைத்தவை 277. ஏற்றவாறு வளர்ந்து பதின்மூன்று ஆடுகளின் கருப்பையில் வைக்கப்பெற்றவை 29. பிறந்தது ஒன்று, 1996 சூலை 5ஆம் நாள். அணுவைக் கொடுத்தது வெண்முக ஃபின் டார்செட். முட்டையைக் கொடுத்ததும் சுமந்ததும் கருமுக ஸ்காட்லாந்து ஆடுகள். பிறந்த குட்டியின் முகம் வெள்ளை. ஹீப்பின் முயல் சொன்ன சான்றையே நூறாண்டு கழித்து இவ்வாடும் சொல்லிற்று.

இவ்வெற்றியில் நாம் பெரும்பாலும் மறப்பது முட்டையைத்தான். ஏடுகள் மடியணுவைப் புகழ்ந்தன. அவ்வணுவின் ஆறாண்டுப் பழக்கத்தைச் சில மணி நேரத்தில் அழித்து, மீண்டும் முதலெழுத்திலிருந்து பயிற்றியது உட்கரு இழந்த அந்த முட்டையின் கூழ்மம். அதன் பங்கு முற்றும் மறைவதுமில்லை. உயிரணுவிற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளுக்குத் தனி மரபணுக்கள் உண்டு. டாலியின் உடலில் இருந்த அவை முட்டை தந்த ஆட்டினுடையவை என்று 1999இல் கண்டறிந்தனர். எனவே ‘அச்சு அசல்’ என்னும் சொல் முழுதும் பொருந்தாது. டாலி ஆறு குட்டிகளை ஈன்று, நுரையீரல் கட்டியால் துன்புற்று 2003 பிப்ரவரி 14ஆம் நாள் வாழ்வு முடிக்கப்பெற்றது. இன்று எடின்பரோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றது.

கர்னாலுக்குத் திரும்புவோம். அங்குள்ள நிலையம் 1923இல் பெங்களூரில் தொடங்கி 1955இல் வடக்கே பெயர்ந்தது. நம்மில் பலரைப் போல அதுவும் தெற்கிலிருந்து குடிபெயர்ந்த ஒன்றே. எருமையின் சினைப்பருவம் பெரும்பாலும் வெளியே தெரியாது. ‘ஊமைப் பருவம்’ என்பர். சினைக்காலமோ பத்து மாதத்திற்கும் மேல். நல்ல கறவையின் வழிமுறையைப் பெருக்குதல் ஆகவே அரிது. இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பெற்ற எருமைகளின் சூலகங்களிலிருந்து முட்டைகளை எடுத்து, ஏறத்தாழ ஒரு நாள் முதிரவைத்து, விலையுயர்ந்த நுண்கருவிகள் இன்றி, மெல்லிய அலகால் கையாலேயே உட்கருப் பகுதியை அறுத்து நீக்கும் முறையை அங்குள்ளோர் கையாண்டனர். இறந்த எருமையின் முட்டையிலிருந்து உயிருள்ள கன்று! 2009 பிப்ரவரியில் பிறந்த முதற்கன்று சில நாளில் நிமோனியாவால் இறந்தது. சூன் 6ஆம் நாள் பிறந்த கரிமா இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, 2013 சனவரியில் மகிமா என்னும் கன்றை இயல்பான முறையில் ஈன்றது. ஹிசார் நகரத்து எருமை ஆராய்ச்சி நிலையத்தில் 2015 திசம்பரில் இவ்வழியில் ஒரு கடாக்கன்றும் பிறந்தது.

பால்வளம் பெருகும் என்று மகிழ்வோரும், ஒரே அச்சில் வார்த்த மந்தையை ஒரே நோய் வாரிக்கொண்டு போகாதா என்று அஞ்சுவோரும் நம்மிடையே உளர். நமக்கு அவ்வச்சம் பொருளற்றதாகத் தோன்றவில்லை. ஒரு கன்று நிற்பதற்கு எத்தனை முட்டை வீணாகின்றது என்னும் கணக்கும் உள்ளத்தை உறுத்துகின்றது. குடியானவர் வீட்டுத் தொழுவத்திற்கு இம்முறை நேரே வருவதற்கு நெடுநாளாகும். வந்தால் நற்கடாக்களின் விந்து வழியாகவே வரும் என எண்ணுகின்றோம்.

2023 மார்ச்சு 16ஆம் நாள் அதே கர்னாலில் கங்கா என்னும் பசுங்கன்று பிறந்தது. எடை 32 கிலோ. உடலணு குசராத்தின் கிர் இனப் பசுவினுடையது, வாலிலிருந்து எடுத்தது. முட்டை சாஹிவால் இனத்தது. இம்முறை இறைச்சிக்கூடத்திலிருந்து அன்று, உயிருள்ள பசுவிடமிருந்தே ஊசியால் எடுத்தனர். சுமந்து ஈன்றது ஒரு கலப்பினப் பசு. கன்றின் நெற்றி கிர் இனத்திற்கே உரியவாறு புடைத்திருந்தது. காதுகள் நீண்டு தொங்கின.